புல் ரிக்வெஸ்ட் நாலு நாள் ரிவ்யூ ஆகாமல் கிடக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:

ஆறு பேர் டீம். பிஆர் (புல் ரிக்வெஸ்ட்: எழுதிய கோடைச் சேர்க்கும் முன் மற்றவர்களைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது) போட்டால் மூணு நாலு நாள் யாரும் தொடுவதில்லை. அதற்குள் மெயின் பிராஞ்ச் (எல்லோருடைய கோடும் சேரும் பொதுக் கிளை) மற்றவர்களின் மாற்றங்களால் நகர்ந்துவிடுகிறது. கான்ஃப்ளிக்டை (ஒரே இடத்தில் மோதும் மாற்றங்களை) சரிசெய்து, ரீபேஸ் பண்ணி (என் மாற்றங்களைப் புதிய மெயின்மேல் மறுபடி அடுக்கி) மறுபடி புஷ் பண்ணினால், ரிவ்யூ முதலிலிருந்து ஆரம்பம். ஒவ்வொரு பிஆரும் 900 முதல் 1,200 வரி வரும். ரிவ்யூவராக மொத்த டீமையும் போடுகிறோம். மேனேஜரிடம் போகாமல் எங்களுக்குள்ளேயே தீர்க்க முடியுமா?

பதில் 1:

முதல்ல சைஸைக் குறைங்க. 1,000 வரி பிஆரை ரெண்டு மீட்டிங்குக்கு நடுவுல யாரும் திறக்க மாட்டாங்க, தள்ளித்தான் போடுவாங்க. கூகுள் வெளியிட்ட கோட் ரிவ்யூ வழிகாட்டியிலயே 100 வரி நியாயமான அளவு, 1,000 வரி பெரும்பாலும் ரொம்பப் பெரிசுன்னு இருக்கு.

வரி எண்ணிக்கையைப் பார்த்து வெட்டாதீங்க. தனியா டிப்ளாய் ஆகுற (சர்வருக்குப் போய் ஓடுற) துண்டா பிரிங்க. உதாரணமா, ஆர்டர் டேபிள்ல ஸ்டேட்டஸ் ஃபீல்டை டெக்ஸ்ட்லேருந்து நம்பரா மாத்தணும்னு வெச்சுக்கோங்க. முதல் பிஆர்ல புது ஃபீல்டைச் சேர்க்கணும், நல் (மதிப்பு இல்லாத காலி நிலை) அனுமதிச்சு. அடுத்ததுல பழசு, புதுசு ரெண்டுலயும் எழுதணும். மூணாவது, டேபிள்ல ஏற்கனவே இருக்கிற வரிசைகளுக்கு (ரோ) பேக்ஃபில், அதாவது புது ஃபீல்டை நிரப்புறது. பிறகு படிக்கிற இடத்தையெல்லாம் புது ஃபீல்டுக்கு மாத்தணும். பழசுல எழுதுறதை நிறுத்தி, அது எல்லா சர்வருக்கும் போன பிறகுதான் பழைய ஃபீல்டை டிராப் பண்ணணும்.

இந்தப் படிகளோட வரிசையை மாத்தாதீங்க. ரெண்டு இடத்துல எழுதுறதுக்கு முன்னாடியே பேக்ஃபில் ஓட்டினா, இடையில வந்த ஆர்டர்களுக்குப் புது ஃபீல்டு காலியாவே நின்னுடும். எல்லாத்தையும் ஒரே பிஆர்ல போட்டா, டிப்ளாய் பாதியில இருக்கும்போது பழைய கோட் ஓடுற சர்வர் இல்லாத ஃபீல்டைத் தேடி எர்ரர் அடிக்கும்.

பதில் 2:

மொத்த டீமையும் ரிவ்யூவராகப் போட்டால், வேறொருவர் பார்ப்பார் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஒரு பிஆருக்கு ஒரு பெயர் போதும். கிட்ஹப் டீம் செட்டிங்கில் தானாக ஆளைப் பிரித்துக் கொடுக்கும் வசதி உண்டு. முறை வைத்தும் கொடுக்கும், கையில் இருக்கும் ரிவ்யூ சுமையைப் பார்த்தும் கொடுக்கும். ஒரு வேலை நாளுக்குள் முதல் பதில் என்று டீமில் பேசி முடிவெடுங்கள். முழு ரிவ்யூவும் அதற்குள் முடிய வேண்டியதில்லை. “அப்ரோச் சரி, டெஸ்டை நாளைக்குப் பார்க்கிறேன்” என்பதே எழுதியவருக்குப் பெரிய உதவி.

மேனேஜரிடம் போகாமல் என்கிறீர்கள், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்பிரின்ட் பிளானிங்கில் ஆளுக்கு முழு நேரத்துக்கும் டிக்கெட் நிரப்பியிருந்தால், ரிவ்யூவுக்கு நேரம் எங்கிருந்து வரும்? அப்ரைசலில் முடித்த டிக்கெட்டை மட்டும் எண்ணினால், அடுத்தவர் கோடைப் பொறுமையாகப் படிப்பவருக்குத்தான் நஷ்டம். இந்த இரண்டையும் டீமுக்குள் மாற்ற முடியாது.

பதில் 3:

ரிவ்யூ முதலிலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருக்கும் பிராஞ்சின் மேல் கட்டாயமாக மேலெழுதுவது). ரீபேஸ் செய்ததும் கமிட் (சேமித்த மாற்றத் தொகுப்பு) எல்லாம் புதிதாகிவிடும். கடைசியாகப் பார்த்த பிறகு எது மாறியது என்று ரிவ்யூவரால் எளிதில் பிரித்துப் பார்க்க முடியாது. ரிவ்யூ நடக்கும்போது திருத்தங்களைத் தனி கமிட்டாகச் சேருங்கள். கான்ஃப்ளிக்ட் வந்தால் மெயினை உங்கள் பிராஞ்சுக்குள் மெர்ஜ் செய்யுங்கள். கடைசியில் ஸ்குவாஷ் மெர்ஜ் (எல்லா கமிட்டையும் ஒன்றாக்கிச் சேர்ப்பது) கொடுத்தால் வரலாறு சுத்தமாகிவிடும்.

பிஆர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஸ்குவாஷ் வேறு சிக்கல் தரும். கீழே இருந்தது மெர்ஜ் ஆனதும், மேலே உள்ள பிராஞ்சில் பழைய கமிட்டுகள் தங்கி, சம்பந்தமில்லாத கான்ஃப்ளிக்ட் வரலாம். ரீபேஸில் ‘ஆன்டோ’ (--onto) ஆப்ஷன் கொடுத்து, உங்கள் கமிட்டுகளை மட்டும் மெயின்மேல் நகர்த்துங்கள். இந்த ஒரு இடத்தில் ஃபோர்ஸ் புஷ் தவிர்க்க முடியாது, ஆகவே மேல் பிஆரின் ரிவ்யூ தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

ஃபார்மேட்டர் மாற்றம் (கோடின் வடிவமைப்பை மட்டும் மாற்றுவது), பெயர் மாற்றம் இரண்டையும் லாஜிக்கோடு கலக்கவே கூடாது.

கேட்டவர்:

நன்றி. பேக்ஃபிலை ஒரே அப்டேட்டில் ஓட்டிவிடலாமா?

பதில் 1:

சின்ன டேபிள்னா பரவாயில்லை. பெரிசுன்னா வேண்டாம்; டேட்டாபேஸ்ல கமிட் ஆகிற (மாற்றம் உறுதியாகிற) வரைக்கும் அந்த வரிசைகள் லாக்கிலேயே இருக்கும் (வேற யாரும் அதை மாத்த முடியாது), ரெப்ளிகாவும் (டேட்டாபேஸோட நகல்) பின்தங்கும். பிரைமரி கீ (ஒவ்வொரு ரோவையும் அடையாளம் காட்டுற ஃபீல்டு) வரிசைப்படி சில ஆயிரமா எடுத்து, ஒவ்வொரு தொகுதிக்கும் தனியா கமிட் பண்ணுங்க. புது ஃபீல்டு காலியா (நல்) இருக்கிற ரோவை மட்டும் மாத்துற மாதிரி கண்டிஷன் வைங்க. நடுவுல நின்னாலும் மறுபடி ஓட்டலாம், புதுசா எழுதின மதிப்பை மேலெழுதாது.