குட்டிக் குரங்கின் மூளைப் படத்தில் வெண்பொருள் எங்கே போனது?

கயல்:
முதுகலைத் திட்டப்பணிக்கு ரீசஸ் குரங்குகளின் எம்.ஆர்.ஐ படங்களை எடுத்திருக்கிறேன். விஸ்கான்சினில் எடுத்து எல்லோருக்கும் திறந்துவிட்டவை. பெரிய குரங்கின் மூளையை மென்பொருள் வெண்பொருள் (நரம்பிழைகள் ஓடும் உட்பகுதி), சாம்பல்பொருள் என்று அழகாகப் பிரிக்கிறது. பிறந்து இரண்டு வாரமான குட்டியின் டி1 படத்தை (கொழுப்பை வெளுப்பாகக் காட்டும் எம்.ஆர்.ஐ வகை) கொடுத்தால் நெற்றிப் பக்கம் வெண்பொருளையே காணோம், எல்லாம் ஒரே சாம்பல். ஸ்கேன் சரியில்லையா, நான் தப்பு செய்கிறேனா? மூன்று நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்கேன்அறை செல்வி:
படத்தில் கோளாறு இல்லை, கயல். பச்சிளம் குழந்தைகளை ஸ்கேன் செய்வதுதான் என் வேலை. வெண்பொருளுக்கு வெண்மை தருவது நரம்பிழையைச் சுற்றும் மயலின் கொழுப்பு. பிறக்கும்போது அது கொஞ்சம்தான், நீர்தான் அதிகம். அதனால் நம் குழந்தைகளின் டி1 படத்தில் வெண்பொருள் கறுத்தும், மூளையின் மேலடுக்கான புறணி வெளுத்தும் தலைகீழாகத் தெரியும். ஆறு மாத வாக்கில் இரண்டும் ஒரே நிறமாகி, அப்புறம்தான் முறைக்கு வரும்.

குரங்குக் குட்டி ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் வளர்கிறது. பிறக்கும்போதே அதன் மூளை முழு அளவில் பாதியைத் தாண்டியிருக்கும். நம் குழந்தைக்கோ கால் பங்குக்குச் சற்று மேல்தான். உங்கள் குட்டி அந்த ஒரே நிறக் கட்டத்தில் இருக்கிறது. மயலின் பின்னந்தலையிலிருந்து முன்னே வரும், நெற்றிக்குக் கடைசியில்தான்.

நீரை வெளுப்பாகக் காட்டும் டி2 படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பெரிய குரங்கின் அட்லஸை (ஒப்பிட வைக்கும் மாதிரி மூளைப் படத்தை) விட்டுவிட்டு அந்த வயதுக்கென்றே செய்ததை வையுங்கள். குரங்குக்கு மயக்கம் கொடுத்து எடுப்பதால் அசைவுத் தொல்லை உங்களுக்கு இல்லை. நாங்கள் பால் கொடுத்து, துணியில் சுற்றி, காதை அடைத்துத் தூங்கவைத்து எடுக்கிறோம். தூக்கத்தில் குழந்தை உதடு சப்பினாலே படத்தில் கோடு விழுந்துவிடும்.

கயல்:
டி2 சேர்த்ததும் நெற்றிப் பக்கம் எல்லை பளிச்சென்று வந்துவிட்டது, அக்கா! செல் அளவில் ஒப்பிட ஏதாவது கிடைக்குமா?

மாறன்:
அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள ஆலன் மூளை ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பைப் பாருங்கள். ரீசஸ் மூளை, கருவிலிருந்து நான்கு வயதுவரை, பிறந்த குட்டியும் உண்டு. ஆய்வு 2016-இல் வந்தது. மனிதக் கருவுக்கு நம் சென்னை ஐ.ஐ.டி.யின் ‘தரணி’ என்ற மூளைப் படத் தொகுப்பு இருக்கிறது, 5,132 வெட்டுப் படங்கள்.

ஸ்கேன்அறை செல்வி:
‘தரணி’யில் இருப்பது கர்ப்பத்தின் நடுப்பகுதி, கயல். குட்டியோடு நேராகப் பொருத்திவிடாதீர்கள். ஆலன் தொகுப்பில் பிறந்த குட்டியின் வெட்டைத் திறந்து முதலில் நெற்றிப் பக்கம் பாருங்கள்.