மூணாறு ரயில் பாலம்: மாடல் செய்ய அளவு எடுப்பது எப்படி?

லயத்துப்பையன்: மூணாறு மலையில் ஓடி, 1924 வெள்ளத்தில் அழிந்த குண்டளை ரயிலின் பாலம் ஒன்றை மரத்தில் செய்து எங்கள் படிப்பகத்தில் வைக்க ஆசை. கையில் இருப்பது பழைய போட்டோ ஒன்றுதான், பாலத்தின் வாயிலிருந்து நேராக எடுத்தது. அளவை எப்படிப் பிடிப்பது?

போடிக்காரர்: தம்பி, தண்டவாளம்தான் உன் அளவுகோல். கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, இரண்டு அடி, 610 மில்லிமீட்டர். போட்டோவில் அந்த இடைவெளியை அளந்து, அதே தூரத்தில் தெரியும் கைப்பிடி, தூணோடு ஒப்பிடு. முன்னால் நிற்கும் ஆளை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் கோணலாகிவிடும். 24-இல் ஒரு பங்காகச் செய்தால் கேஜ் சரியாக ஒரு அங்குலம் வரும், ஆசாரிக்கும் சுலபம்.

மாட்டுப்பட்டிக்காரி: அது சரி, போட்டோ எந்தக் காலத்தது? 1902-இல் வந்தது மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி. அதன் பக்கச் சக்கரம் ரோட்டில் உருளும், அதனால் பாலத்துக்கும் தளம் வேண்டும். 1908-இல்தான் இரட்டைத் தண்டவாளமும் என்ஜினும்.

லயத்துப்பையன்: இரண்டு தண்டவாளம் தெரிகிறது அக்கா, தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே ஆறும் தெரிகிறது, தளம் இல்லை; அப்போ 1908-க்கு அப்புறம்தான். அப்புறம், மலைமேல் இருந்த டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலை இறக்கிய ரோப்வேயையும் சேர்க்கலாமா?

போடிக்காரர்: முதலில் பாலத்தை முடிப்பா.