ஜெர்மன் மாப்பிள்ளை, சிவன்மலைக் கல்யாணம்: விசாவுக்கு எங்கிருந்து தொடங்குவது?

காங்கேயத்துப் பொண்ணு:

வணக்கங்க. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 31. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வீட்டுக்காரர் ஜெர்மனிக்காரர், பையர் தரப்பிலிருந்து ஆடிட்டுக்கு வந்து பழக்கம். வீட்டைச் சம்மதிக்க வைத்த கதைக்குத் தனி இழை வேண்டும், அதை விடுவோம். போன தையில் சிவன்மலையில் தாலி கட்டினார். அருமைக்காரர் (எங்கள் பக்கம் கல்யாணச் சடங்கு நடத்துபவர்) வந்து சீர் ஒன்றுவிடாமல் செய்துவைத்தார். மாப்பிள்ளை வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தது, எழும்போது கால் மரத்துப்போய் என் பெரியப்பா மேல் சாய்ந்தது வரை எல்லாம் ஆல்பத்தில் இருக்கிறது. மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

இப்போது நான் அங்கே போக வேண்டும். கையில் இருப்பது கோயில் ரசீது, பத்திரிகை, ஆல்பம். கோவையில் ஒரு ஏஜென்ட் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பிறப்புச் சான்றிதழுக்கும் டிகிரிக்கும் அப்போஸ்டில் ஸ்டிக்கர் (வெளிநாட்டில் காகிதம் செல்ல ஒட்டும் அரசு முத்திரை) ஒட்டிக் கொடுத்தார். "இதோட வேலை முடிஞ்சுதுங்க அம்மிணி" என்றார். அதைப் பார்த்த சிநேகிதி, ஜெர்மனிக்கு இந்த ஸ்டிக்கர் ஆகாது என்கிறாள்.

இன்னொரு தொல்லை பெயர். பிறப்புச் சான்றிதழில் என் பெயரே இல்லை, "பெண்" என்று மட்டும் இருக்கிறது. அப்பா பெயர் பழனிச்சாமி. மார்க் ஷீட்டில் ஆங்கிலத்தில் "எல்" போட்ட பழனிச்சாமி, ஆதாரில் "இசட் எச்" போட்ட பழனிச்சாமி. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி.

மாமியார் கிறிஸ்துமசுக்கு வரச் சொல்கிறார். டூரிஸ்ட் விசாவில் போய் அப்படியே அங்கே தங்கிவிட முடியுமா? எங்கே இடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றே தெரியவில்லை.

கோபி கண்ணன்:

டூரிஸ்ட் விசா போடுங்க, அங்கே போய் மாத்திக்கலாம். நம்ம ஃப்ரெண்டு ஒருத்தன் அப்படித்தான் போனான்.

கொடுமுடியான்:

கோபி தம்பி, தயவுசெய்து இப்படிச் சொல்லாதீர்கள். உங்கள் ஃப்ரெண்டு எந்த நாட்டுக்குப் போனார், எந்த வருடம் போனார்?

தங்கச்சி, நான் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன், மனைவி ஜெர்மன்காரி. நீங்கள் நின்ற அதே இடத்தில் நானும் நின்றவன்தான். ஷெங்கன் டூரிஸ்ட் விசா 180 நாளில் 90 நாள் சுற்றிப் பார்க்க. குடித்தனம் நடத்தப் போகிறவர் தேசிய விசா (நீண்ட காலம் தங்குவதற்கானது) வாங்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும் என்பது அங்கே பொது விதி. மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போனால் பெரும்பாலும் திரும்பி வந்து வரிசையில் நிற்கச் சொல்வார்கள். கிறிஸ்துமசுக்குப் போய்த் திரும்பி வருவதாக இருந்தால் அது வேறு விஷயம். ஆனால் கணவர் அங்கே இருக்கும்போது, நீங்கள் திரும்புவீர்கள் என்று விசா அதிகாரியை நம்பவைப்பதே பெரும் பாடு.

உங்களுடைய முதல் சிக்கல் ஸ்டிக்கரும் இல்லை, பெயரும் இல்லை. கல்யாணம்தான். கோபப்படாமல் படியுங்கள். 1955 இந்துத் திருமணச் சட்டம் இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். நம் மாநிலத்தில் 1967-ல் சேர்த்த சுயமரியாதைத் திருமணப் பிரிவும் இரண்டு இந்துக்களுக்குத்தான். மாப்பிள்ளை கிறிஸ்தவரோ, மதமே இல்லாதவரோ, எப்படி இருந்தாலும் கோயில் ரசீதை வைத்து அந்தச் சட்டத்தில் பதிய முடியாது. 2009-ல் வந்த மாநிலச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் செல்லாத கல்யாணத்தை அந்தப் பதிவு செல்ல வைக்காது.

உங்களுக்கு வழி 1954 சிறப்புத் திருமணச் சட்டம். ஒருவராவது பதியும் மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், அது நீங்கள். நோட்டீஸ் கொடுத்தால் அலுவலகத்தில் ஒட்டுவார்கள். 30 நாளில் ஆட்சேபம் வராவிட்டால் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போடலாம். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை செல்லும். அந்தச் சான்றிதழ்தான் கல்யாணத்துக்கு முடிவான சாட்சியம் என்று சட்டத்தின் 13-வது பிரிவே சொல்கிறது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. கல்யாணத்துக்குத் தடையில்லை என்று அவர் ஊர்ப் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு சான்றிதழ் கேட்பார்கள். ஜெர்மனியில் அது 6 மாதம்தான் செல்லும். அதைக் கொடுக்க அந்த அலுவலகம் உங்கள் பிறப்புச் சான்றிதழைக் கேட்கும். அங்கேதான் "பெண்" வந்து நிற்பாள். அதனால் பெயரைச் சரி செய்துவிட்டு அவரைக் கிளம்பச் சொல்லுங்கள். டிக்கெட்டை முதலில் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன், 30 நாள் கணக்கில் நாலு நாள் குறைந்து மறுபடி ஒரு தடவை வந்தோம்.

காங்கேயத்துப் பொண்ணு:

அண்ணா, அப்போ எங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லையா? அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? ஊரே சாப்பிட்டுப் போயிருக்கிறது.

கொடுமுடியான்:

ஆகவில்லை என்று சொல்லாதீர்கள். "பதிவுக்குக் கையெழுத்துப் போடணும்" என்று சொல்லுங்கள். பத்திரப் பதிவு என்றால் நம் அப்பாக்களுக்கு உடனே புரியும்.

தாராபுரம் பத்திரம்:

அம்மிணி, நான் முப்பது வருசம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதினவன். ஸ்டிக்கரை முதலில் பார்ப்போம். அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது 2005-ல். ஜெர்மனி அதற்கு ஆட்சேபம் தெரிவித்ததால் அந்த இரண்டு நாட்டுக்கும் நடுவே அது செல்லாது. வேறு பல நாடுகளுக்குச் செல்லும், அதனால்தான் ஏஜென்ட்டுகள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் ஒட்டிவிடுகிறார்கள். வெளியுறவு அமைச்சகம் ஒரு காகிதத்துக்கு அப்போஸ்டில் கட்டணமாக வாங்குவது 50 ரூபாய். மிச்சம் எங்கே போனது என்று அவரிடம் கேளுங்கள். பெயரே இல்லாத சான்றிதழுக்கு ஸ்டிக்கர் ஒட்டினவரை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

பெயர் சேர்ப்பது எங்கே பிறப்பு பதிவானதோ அந்த ஆபீசில். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், அப்பா அம்மா ஆதார் கொண்டுபோங்கள். சேர்க்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே சேருங்கள், அதில் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. உங்களுக்குப் பதிவாவது இருக்கிறது. பதிவே இல்லாதவர்கள்தான் கோட்டாட்சியரிடம் உத்தரவு வாங்க அலைய வேண்டும்.

உங்கள் அய்யன் (அப்பா) பெயரை முதலில் ஆதாரில் திருத்துங்கள். மார்க் ஷீட்டைத் திருத்த அலைய வேண்டாம், அது பெரிய மலை. ஆதார், பான், பிறப்புச் சான்றிதழ் மூன்றும் மார்க் ஷீட்டோடு ஒத்துப்போனால் போதும்.

பெருந்துறை டு ப்ரெமன்:

அக்கா, நான் உங்களுக்கு மூன்று வருடம் முன்னாடி இதே ரோட்டில் போனவள். மற்றவர்கள் சொல்லாத இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, ஏ1 ஜெர்மன், அதாவது ஆரம்ப நிலை மொழிப் பரீட்சை. விசாவுக்கே வேண்டும். தெருமுனை கோச்சிங் சென்டர் கொடுக்கும் சான்றிதழ் எடுபடாது, கோத்தே நிறுவனம் மாதிரி அங்கீகாரம் உள்ள பரீட்சையாக இருக்க வேண்டும். சென்னையில் ரட்லண்ட் கேட்டில் இருக்கிறதே, மாக்ஸ்முல்லர் பவன், அங்கே எழுதினேன். 100-க்கு 60 எடுத்தால் பாஸ். எழுதுவது கேட்பது எல்லாம் சமாளித்துவிடலாம். பேச்சில் உங்களையே அறிமுகம் செய்யச் சொல்லி, ஒரு பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள். நம் பெயரில் எத்தனை "ஏ" வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இங்கிலீஷில் "இ" என்கிற எழுத்தை ஜெர்மனில் "ஏ" என்பார்கள், "ஐ" என்கிற எழுத்தை "ஈ" என்பார்கள். தலை சுற்றும். பஸ்ஸில் போகும்போது கடைப் போர்டுகளை எழுத்துக்கூட்டிப் பழகுங்கள், அவிநாசி வரைக்கும் நான் அப்படித்தான் படித்தேன்.

இரண்டு, விசாரணை. அப்போஸ்டில் செல்லாததால் சில விண்ணப்பங்களில் துணைத் தூதரகம் நம்பகமான வக்கீல் ஒருவரை அனுப்பி ஆவணங்களைச் சரிபார்க்கச் சொல்லும். செலவு நம் தலையில், காலமும் மாதக் கணக்கில் இழுக்கும். பதிவு அலுவலகத்துக்குப் போவார், சில சமயம் பக்கத்து வீட்டிலும் விசாரிப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தவரைப் பைனான்ஸ் வசூலுக்கு வந்தவர் என்று நினைத்து எதிர்வீட்டு அம்மாயி "அவங்க இங்க இல்லீங்க, ஊருக்குப் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டார். எங்களைக் காப்பாற்றுகிறாராம்! அதைச் சரிக்கட்ட எனக்கு ஆறு வாரம். அக்கம் பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

விசாக் கட்டணம் ஜெர்மன் குடிமக்களின் மனைவி, கணவருக்குக் கிடையாது, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும்தான். கணவருக்கு இவ்வளவு சம்பளம் இருந்தாக வேண்டும் என்று பயப்படவும் வேண்டாம், ஜெர்மன் குடிமகனாக இருந்தால் வழக்கமாக அதைக் கேட்பதில்லை. போன நாளிலிருந்து வேலை செய்யலாம். நம் ஊர் லைசென்ஸ் ஆறு மாதம்தான் ஓடும், அப்புறம் தியரி, பிராக்டிகல் இரண்டும் எழுதித் தேற வேண்டும். காங்கேயம் ரோட்டில் கார் ஓட்டின தெம்பெல்லாம் அங்கே எடுபடாது, சொல்லிவிட்டேன்.

குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் அங்கே போனதும் பதிவு அலுவலகத்தில் எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்று அறிவித்துச் சரிசெய்துகொள்ளலாம். நான் அதைச் செய்ய மறந்து அப்பா பெயரையே குடும்பப் பெயராக இருக்க விட்டுவிட்டேன். இப்போது வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் என்னை "ஃப்ராவ் (திருமதி) ராமசாமி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை டாக்டர் கிளினிக்கில் கூப்பிட்டபோது அப்பா எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன்.

காங்கேயத்துப் பொண்ணு (ஆவணியில்):

எல்லாருக்கும் நன்றிங்க. நடந்ததைச் சொல்கிறேன். பெயர் சேர்க்க ஆறு வாரம். அப்பாவின் ஆதார் திருத்தத்துக்கு இரண்டு தடவை அலைந்தோம். வீட்டுக்காரர் தடையில்லாச் சான்றிதழோடு ஆனியில் வந்தார். நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்தப் பலகையைத் தூரத்து ஒரம்பரை (சொந்தக்காரர்) ஒருத்தர் பார்த்துவிட்டு, "பொண்ணு யாரையோ ரிஜிஸ்டர் பண்ணப்போகுது" என்று அப்பாவுக்கே போன் போட்டார். 30 நாள் முடிந்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் கல்யாணமா என்று அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு லீவு முடிகிறது. கடைசியில் அப்பாதான், "தாலி தையிலேயே ஏறிருச்சு, இது வெறும் கையெழுத்து" என்று முடித்துவைத்தார். சட்டத்தில் இருக்கும் வாக்கியத்தை மாப்பிள்ளை தமிழில் மனப்பாடம் செய்து சொன்னார். "சட்டப்பூர்வமான" என்ற சொல்லில் மட்டும் மூன்று தடவை திக்கினார், சாட்சிக்கு வந்த என் பெரியப்பா எடுத்துக்கொடுத்தார்.

ஏ1-ல் 74. விண்ணப்பம் போட்டாயிற்று. ஏஜென்ட்டிடம் கேட்டேன், பத்திரம் ஐயா. "சர்வீஸ் சார்ஜ்" என்றார்.

காங்கேயத்துப் பொண்ணு (மார்கழியில்):

விசா வந்துவிட்டது! விசாரணைக்கு வந்தவருக்கு அப்பா மோர் கொடுத்து ஆல்பம் முழுவதும் காட்டியிருக்கிறார், பெரியப்பா மேல் விழுந்த படம் உட்பட. தை முதல் வாரம் கிளம்புகிறேன். ஒரு கடைசிச் சந்தேகம். அம்மா ஊத்துக்குளியிலிருந்து வெண்ணெய் வாங்கி இரண்டு கிலோ நெய் உருக்கி வைத்திருக்கிறார். செக்கில் ஆட்டின தேங்காய் எண்ணெயும் இருக்கிறது. கொண்டுபோகலாமா?

பெருந்துறை டு ப்ரெமன்:

நெய் பால் பொருள் அக்கா, ஐரோப்பாவுக்குள் வெளிநாட்டுப் பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுவரக் கூடாது. ஏர்போர்ட்டில் பிடுங்கிக் குப்பையில் போடுவதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள், மூடியில் டேப் சுற்றி. நெய்யை அப்பாவுக்கு விட்டுவிட்டு வாங்க.