முதல் வாரத்து அமைதியை நம்பியதால் நேர்ந்தவை

வேண்டாமென்று கைவிடப்படும் நாய்களை என் வீட்டிலேயே வைத்துத் தேற்றி, பொருத்தமான வேறொரு குடும்பத்தில் சேர்க்கும் பணியை 11 ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். தனிக் காப்பகம் என்று எதுவும் என்னிடம் இல்லை; மாடியில் ஓர் அறையும், கீழே கம்பிக் கதவு போட்ட ஒரு தாழ்வாரமும்தான் உண்டு. இத்தனை ஆண்டுகளில் நான் செய்த தவறுகளுள் ஒன்று இன்றும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வீட்டிலிருந்தபடியே இந்தப் பணியைத் தொடங்க நினைப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அதை நம் குழுவில் முழுமையாக எழுதுகிறேன்.

ஐந்து வயதுள்ள பழுப்பு நிற ஆண் நாய் ஒன்றை, வீடு மாறுவதாகச் சொல்லி ஒரு குடும்பத்தினர் கொண்டுவந்து விட்டார்கள். "யாரையும் ஒன்றும் செய்யாது, மிகவும் சாது" என்றார்கள். வந்த நாளிலிருந்து அது அறையின் மூலையில் முகவாயைத் தரையோடு சேர்த்து வைத்துக்கொண்டு படுத்தே கிடந்தது. குளிப்பாட்டினேன், காதைத் துடைத்தேன், நகம் வெட்டினேன். எதற்கும் எதிர்ப்புக் காட்டவில்லை. சாப்பாட்டை மட்டும் நான் விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகே தொட்டது. நான் அருகில் குனியும்போதெல்லாம் கொட்டாவி விட்டது, உதட்டை நக்கிக்கொண்டது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பியதில் விழியின் வெண்மை பிறைபோலத் தெரிந்தது. அச்சத்தில் உறைந்துபோன நாயின் அடையாளங்கள் இவை என்பதை நான் முன்பே அறிவேன். ஆனாலும், அடங்கிய குணமுள்ள நாய் ஒன்று வாய்த்திருக்கிறது என்ற மகிழ்ச்சியில் அவற்றைப் பொருட்படுத்தாமல் விட்டேன். குட்டிகளோடு ஒரு தாய் நாய் அடுத்து வரவிருந்ததால் எனக்கு அந்த அறை உடனே தேவைப்பட்டது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஒன்பதாம் நாள், சிறு பிள்ளைகள் இருவர் உள்ள ஒரு குடும்பத்துக்கு அதைத் தத்துக் கொடுத்துவிட்டேன்.

ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. நாயின் சாப்பாட்டுத் தட்டின் அருகே உருண்டுபோன பந்தை எடுக்கக் குனிந்த சிறுமியின் முன்கையை நாய் கடித்திருந்தது. பற்கள் ஆழமாக இறங்கவில்லை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லிவிட்டு, மருத்துவமனைக்கு நானும் உடன் சென்று, நாயின் தடுப்பூசிச் சான்றை மருத்துவரிடம் காட்டினேன். அந்தப் பெற்றோர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை; அதுவே எனக்கு மேலும் வேதனையாக இருந்தது. அன்றே நாயை என் வீட்டுக்குத் திருப்பி அழைத்து வந்தேன்.

மறுநாள் கால்நடை மருத்துவர் அதன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். மேல்வாயின் பெரிய கடைவாய்ப் பல் ஒன்று செதில்போலப் பிளந்திருந்தது. பிளவின் நடுவில் சிவந்த புள்ளி ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு வேளை உணவும் அதற்கு வலியோடுதான் இறங்கியிருக்கிறது. நகம் வெட்டி, காது துடைத்து, ஒன்பது நாள் அதனோடு இருந்த நான் அந்த உதட்டைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. பழைய வீட்டாரை மீண்டும் அழைத்தேன். நெடுநேரம் தயங்கிய பிறகு, தட்டருகே யாராவது போனால் அது உறுமும் என்றும், உறுமும்போதெல்லாம் அடித்துத் திருத்திவிட்டதாகவும் சொன்னார்கள். உறுமல் என்பது நாய் நமக்குத் தரும் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அச்சம் அப்படியே உள்ளே தங்கிவிடும், எச்சரிக்கை மட்டுமே மறையும். பிறகு அந்த நாய் முன்னறிவிப்பின்றி நேராகக் கடிக்கும். சாது என்று என்னிடம் வந்து சேர்ந்தது அப்படி வாயடைக்கப்பட்ட ஒரு நாய்.

பல்லை மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். புண் ஆறிய பிறகு தட்டுப் பயிற்சியைத் தொடங்கினேன். அது சாப்பிடும்போது பத்தடி தள்ளி நின்று, அதன் தட்டில் இருப்பதைவிடச் சுவையான ஒரு துண்டைத் தட்டுக்குள் விழும்படி எறிந்துவிட்டு உடனே திரும்பிப் போய்விடுவேன். மனிதர் நெருங்கினால் இருப்பது பறிபோகாது, கூடுதலாகக் கிடைக்கும் என்று அது அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். உடல் விறைத்தாலோ, விழுங்கும் வேகம் கூடினாலோ மீண்டும் இரண்டடி பின்னால் போவேன். அவசரப்படாமல் நான்கு மாதம் இதைச் செய்தேன். ஒருநாள் என் காலடியோசை கேட்டதும் அது தட்டிலிருந்து தலையைத் தூக்கி, காதுகளைத் தளரவிட்டு, வாலை அகலமாக ஆட்டியபடி என்னைப் பார்த்தது. நான் துண்டைப் போட மறந்து நின்றுவிட்டேன். பிறகு குழந்தைகள் இல்லாத நடுவயதுத் தம்பதி ஒருவர், கடித்த வரலாறு உட்பட அனைத்தையும் எழுத்தில் வாங்கிப் படித்துவிட்டு, அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அதன்பின் என் வழக்கங்கள் மாறிவிட்டன. புதிய இடத்தில் ஒரு நாய்க்கு அச்சம் தணிய மூன்று நாள், வீட்டின் ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், உரிமையோடு வாழ மூன்று மாதம் என்று இத்துறையில் ஒரு கணக்குச் சொல்வார்கள். அது தோராயமானதுதான், ஆனாலும் ஆறு வாரத்துக்கு முன்பு எந்த நாயையும் நான் தத்துக் கொடுப்பதில்லை. முதல் 14 நாள் மற்ற விலங்குகளிடமிருந்து பிரித்தே வைப்பேன். நாய்களுக்குக் கொடிய வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் வந்த அறையில் அது மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், சாதாரணச் சோப்புக்கு அழியாது என்பதால், தட்டு, விரிப்பு, காலணி எல்லாம் அந்த அறைக்கென்று தனியாக உண்டு. நாயை விட வருபவர்களிடம் "கடிக்குமா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன், அதற்கு வரும் விடை எப்போதும் "இல்லை" என்பதே. "பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்ததுண்டா, அப்போது என்ன செய்தது?" என்று கேட்கிறேன். அவர்கள்மீது கோபத்தைக் காட்டுவதையும் விட்டுவிட்டேன். பழிக்கப்படுவோம் என்று அஞ்சுபவர் உண்மையைச் சொல்ல மாட்டார். அந்த உண்மை இல்லாமல் நாயைக் காப்பாற்றவும் முடியாது.

மற்றோர் உறுப்பினரின் பகிர்வு

மேலே எழுதிய சகோதரியின் அனுபவத்தைப் படித்ததும், என்னிடம் வந்த ஒன்பது வயதுப் பெண் பூனை நினைவுக்கு வந்தது. வளர்த்தவர் இறந்துவிட்டதால் உறவினர்கள் கூண்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். நல்ல பருமனான பூனை. கூண்டைத் திறந்ததும் அலமாரிக்குப் பின்னால் புகுந்துகொண்டது. புதிய இடத்தில் பூனை ஒளிந்துகொள்வது இயல்புதானே, தானே வரட்டும் என்று உணவையும் நீரையும் வைத்துவிட்டு நான் விலகியிருந்தேன். மூன்றாம் நாள் மாலைதான் அலமாரியை நகர்த்தி அதைக் கையில் எடுத்தேன். காதின் உட்புறமும் ஈறுகளும் மஞ்சள் பூத்திருந்தன.

பூனை, அதிலும் பருமனான பூனை, சில நாள் உண்ணாமல் இருந்தாலே உடற்கொழுப்புக் கல்லீரலில் சேர்ந்து அது செயலிழக்கத் தொடங்கிவிடும். விசாரித்தபோது, துக்க வீட்டில் யாரும் கவனிக்காததால் அதற்கு முன்பே நான்கு நாள் அது எதையும் தொடவில்லை என்று தெரிந்தது. நான் கொண்டுவந்தவர்களிடம் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது. கழுத்து வழியாக உணவுக்குழாயில் குழாய் பொருத்தினார்கள். ஆறு வாரம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, கூழாக்கிய உணவை ஊசிக்குழலில் எடுத்து மெதுவாகச் செலுத்தினேன். நாற்பதாவது நாளோ என்னவோ, குழாயில் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அது என் விரலில் ஒட்டியிருந்த உணவை நக்கியது. சொரசொரப்பான அந்த நாக்கு விரலில் பட்ட கணத்தை நான் மறக்கவே மாட்டேன்.

இப்போதெல்லாம் ஒளிவதற்கு நானே இடம் செய்து தருகிறேன்: இரு பக்கமும் துளையிட்ட அட்டைப்பெட்டி, அதில் பழைய வீட்டின் துவைக்காத போர்வை. தராசில் நாள்தோறும் எடை பார்க்கிறேன். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரை அழைக்கிறேன். இரண்டாம் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும்: நாய்க்கென்று விற்கும் உண்ணி மருந்துகள் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். மனிதர்கள் உட்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரையும் அப்படித்தான். தேற்றும் ஆர்வத்தில் இவற்றைக் கொடுத்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முயல்களைப் பராமரிக்கும் உறுப்பினரின் பகிர்வு

அமைதி என்றால் முயலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளுக்கு ஆசையாக வாங்கி, ஆசை தீர்ந்ததும் ஒதுக்கப்படும் விலங்குகளில் முயலும் ஒன்று. இரையாக வாழும் உயிரினம் என்பதால் வலியை வெளிக்காட்டாது. என்னிடம் வந்த வெள்ளை முயல் ஒன்று மடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வந்திருந்த பிள்ளைகள் "எவ்வளவு சமர்த்து" என்று தடவிக் கொடுத்தார்கள். காதை அருகில் வைத்துக் கேட்டபோது பற்களை அரைக்கும் மெல்லிய ஓசை வந்தது. முதுகு கூனியிருந்தது, கழிவுத் தட்டில் காலையிலிருந்து ஓர் உருண்டைகூட இல்லை. முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. உலர்ந்த புல்லை மென்று தேய்க்காமல் கடையில் விற்கும் உருண்டைத் தீவனத்தை மட்டுமே தின்றதால் கடைவாய்ப் பற்கள் முள்ளாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தன, குடலியக்கமும் நின்றுபோயிருந்தது. அரை நாள் தாமதித்திருந்தால் அது பிழைத்திருக்காது என்றார் மருத்துவர்.

இரண்டும் ஆண் என்று சொல்லித் தரும் இணையை நம்பி ஒரே கூண்டில் வைத்துவிடாதீர்கள். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள்தான். குட்டி போட்ட அன்றே மீண்டும் சினையாகவும் முடியும்.

முதல் பகிர்வை எழுதியவர் மீண்டும் எழுதியது

ஒவ்வொன்றையும் இத்தனை வாரம் வைத்திருந்தால் அடுத்து வருபவற்றுக்கு இடம் ஏது என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஒரே சமயத்தில் இரண்டு நாய்களுக்கு மேல் நான் ஏற்பதில்லை; மற்றவர்களைத் திருப்பி அனுப்ப நேர்கிறது, அது எளிதாக இல்லை. ஆனால் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதாகச் சொல்லி விட வருபவர்களிடம், முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்க்கும்படி வேண்டுகிறேன். சிறுநீர்ப்பைத் தொற்று என்று தெரிந்து, மருந்து கொடுத்து, தங்களிடமே வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அப்படி ஒரு விலங்கு தன் வீட்டிலேயே தங்கிவிட்டால், அதைவிட நல்ல மறுவாழ்வை என்னால் தர முடியாது.

இப்போது மாடியறையில் மூன்று வயதுக் கறுப்புப் பெண் நாய் இருக்கிறது. வந்தபோது அதுவும் அசையாமல்தான் கிடந்தது. இந்த முறை முதல் நாளே மருத்துவர் வாய்க்குள் பார்த்துவிட்டார். பதினேழாம் நாளான இன்று காலை, வாசல் மணி அடித்தபோது அது முதன்முறையாகக் குரைத்தது. குரைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. நான் குரலை உயர்த்தாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதைத் தத்துக் கேட்டு இரண்டு குடும்பத்தினர் காத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் வந்து பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன்.