ஜப்பான் நிசேகோவுல விறகு பிளக்கணுமாம், அனுபவம் உள்ளவங்க இருக்கீங்களா?

பட்டர்வொர்த் பையன்: அண்ணே, அக்கா, டிசம்பர்ல ஹொக்கைடோ நிசேகோ பக்கம் ஒரு லாட்ஜுக்கு வேலைக்குப் போறேன், அங்க விறகு அடுப்புதானாம், பிளக்கிறதும் என் தலையிலதானாம். நான் பொங்கலுக்கு ரப்பர் கட்டைய பாராங் கத்தியால நாலு போடு போட்டதோட சரி. எப்படி சமாளிக்கிறது?

செந்தூல்காரன்: பாராங்லாம் ஆகாது லா தம்பி. மெல்லிசு கோடாரியும் மரத்துல மாட்டிக்கும், பிளக்கிறதுக்குன்னே ஆப்பு மாதிரி தடிச்ச கனமான கோடாரி இருக்கு, அத கேளு. கட்டையோட வெட்டு முகத்துல வெடிப்பு தெரியும் பாரு, அந்தக் கோட்டுலயே போடு, முடிச்சு இருக்கிற பக்கம் போகாத. ஈரக்கட்டை உறைஞ்சு கெடந்தா இன்னும் ஈசியா பிளக்கும்.

சிரம்பான் அக்கா: அது சரி, ஆனா டிசம்பர்ல பிளந்தத அப்பவே அடுப்புல வைக்காதப்பா. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ வரணும், ஓக் மாதிரி கெட்டி மரம்னா ஒரு வருஷத்துக்கு மேலயும் இழுக்கும், அதனால நீ பிளக்கிறது அடுத்த குளிருக்குத்தான். பச்சையா எரிச்சா புகைக்குழாய்க்குள்ள தார் படிஞ்சு குழாயே பத்திக்கும், வெளையாட்டு இல்ல. மண்ணுல படாம அடுக்கி மேல மட்டும் மூடு, சுத்தி தார்ப்பாய் கட்டினா காத்து போகாது.

பட்டர்வொர்த் பையன்: நன்றிக்கா. பிர்ச் மரமும் இருக்காம்.

செந்தூல்காரன்: அத முழுசா போட்டு வைக்காத, பட்டை ஈரத்த அடைச்சு உள்ளயே உளுத்துடும். உரிஞ்ச பட்டைய எடுத்து வை, நனைஞ்சாலும் பத்தும், காலையில அடுப்பு மூட்ட அதுதான் பெஸ்ட்.