வெளியேற்றம் வேண்டாம், படைமீட்பு என்போம்: சென் வலேரியை முன்வைத்துச் சில சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போர்ச் சொற்பட்டியலில் 'இவாக்குவேஷன்' (ஆபத்தான இடத்திலிருந்து ஆட்களை அகற்றிக் கொண்டுபோவது) என்பதற்கு நேரே 'வெளியேற்றம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இட்டு அனுப்பியிருந்தீர்கள். அந்தக் கேள்விக்குறிக்கு நன்றி. நான்கு நாட்களாக 51ஆவது ஹைலாண்ட் டிவிஷனைப் பற்றிய கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறேன்; 1940 ஜூனில் பிரான்சின் சென் வலேரி என்ற கடற்கரை ஊரில் சரணடைந்த, பிரித்தானியத் தரைப்படையின் ஸ்காட்லாந்துப் பிரிவு அது. ஒவ்வொரு பத்தியிலும் இந்தச் சொல் காலை இடறுகிறது.

வெளியேற்றம் என்றால், இருக்க விரும்புகிறவனை ஒருவர் துரத்துவது. 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாண முஸ்லிம்களுக்கு நேர்ந்ததைத் தமிழில் அந்தப் பெயரால்தான் குறிக்கிறோம். அந்தச் சொல்லுக்குள் அந்த வலி ஏறி உட்கார்ந்துவிட்டது. 1940இல் ஜெர்மானியப் படை சூழ்ந்துகொள்ள, பிரான்சின் டன்கர்க் கடற்கரையில் மார்பளவு நீரில் நின்று, படகு வராதா என்று ஏங்கியவனுக்கும் அதே சொல்லை எப்படிப் போடுவது?

'காலி செய்தல்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஊருக்கு அது பொருந்தும். 1942இல் ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் சென்னையே காலியானது. என் பாட்டி அதை 'எவாகுவேஷன் காலம்' என்றே கடைசிவரை சொன்னார். ஆனால் காலியாவது இடம்தான். போர் வரலாற்றில் நாம் பார்க்க வேண்டியது இடத்தை அல்ல, ஆட்களை: எத்தனை பேர் கரையேறினார்கள், எத்தனை பேர் ஏறவில்லை என்பதை.

மூன்றாவது பரிந்துரை 'பின்வாங்கல்'. இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன், ஏனென்றால் கேட்பதற்குச் சரிபோலவே இருக்கிறது. பின்வாங்குவது படை தன் காலால் செய்வது. கடல்வழியே தப்புவிப்பதற்கோ இன்னொரு கை வேண்டும்: கப்பல், மாலுமி, கரையை அணுகவிடும் வானிலை. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இந்த ஸ்காட்லாந்துக்காரர்களின் கதையைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பின்வாங்கினார்கள், கட்டுக்குலையாமல் பின்வாங்கினார்கள். ஆனால் பெரும்பாலோரைக் கப்பல் ஏற்றிச்செல்லவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1940 மே 10 அன்று ஜெர்மானியத் தாக்குதல் தொடங்கியபோது இந்த டிவிஷன் மற்றப் பிரித்தானியப் படையோடு இல்லை. பிரான்சின் எல்லைக் கோட்டைகளான மாஜினோ அரண்வரிசைக்கு முன்னால், சார் பகுதியில், பிரெஞ்சுத் தலைமையின் கீழ் அனுப்பப்பட்டிருந்தது. அதனால்தான் டன்கர்க் முற்றுகைக்குள் அது சிக்கவில்லை. அதனாலேயே டன்கர்க்கிலிருந்து ஏறவும் இல்லை. மே 26 முதல் ஜூன் 4 வரை அங்கிருந்து 3,38,226 பேர் மீட்கப்பட்டார்கள். அந்தக் கடைசி நாளான ஜூன் 4 அன்று, இந்த டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் விக்டர் ஃபார்ச்சூனின் ஆட்கள் அப்வில் நகருக்கு அருகே சோம் ஆற்றங்கரையில் தாக்குதல் நடத்திக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் ரயில் நிலையங்களில் தேநீரும் ரொட்டியும் கொடுத்து வீரர்களை வரவேற்ற அதே நேரத்தில்! அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

அதன்பின் எட்டே நாட்கள். மறுநாளே பிராங்லூ என்ற சிற்றூரில் இந்த டிவிஷனைச் சேர்ந்த ஆர்கைல் ரெஜிமென்ட்டின் 7ஆவது பட்டாலியன் சூழப்பட்டுச் சிதைந்தது. மிஞ்சியவர்கள் பிரேல் ஆற்றுக்குப் பின்வாங்கினார்கள். லெ ஹாவ்ர் துறைமுகத்தை அடைந்துவிட்டால் கப்பல் கிடைக்கும். ஆனால் உடன் வந்த பிரெஞ்சுப் படையினரில் பலர் கால்நடையாகவும் குதிரை வண்டியிலும் வந்தார்கள். வாகனம் இருந்தவர்களும் அவர்களுடைய வேகத்துக்கே நகர வேண்டியிருந்தது. துறைமுக வழியைக் காக்க 'ஆர்க் படை' என்ற பகுதியை முன்கூட்டியே அனுப்பினார் ஃபார்ச்சூன். அது தப்பியது. மற்றவர்கள் போவதற்குள் ஜூன் 10 அன்று ஜெர்மானியத் தளபதி ரோமலின் 7ஆவது பான்சர் (டாங்கி) டிவிஷன் கடலைத் தொட்டு வழியை அடைத்தது. எஞ்சிய ஒரே இடம் சென் வலேரி ஆன் கோ என்ற சிறு மீன்பிடித் துறை. இருபுறமும் செங்குத்தான சுண்ணப் பாறைகள், அவற்றின் மேல் ஜெர்மானியப் பீரங்கிகள். ஜூன் 11 இரவு கடலில் மூடுபனி இறங்கியது. கப்பல்களால் நெருங்க முடியவில்லை. 12ஆம் தேதி காலை முதலில் பிரெஞ்சுத் தளபதி வெள்ளைக் கொடி காட்டினார். பிறகு ஃபார்ச்சூனும் சரணடைந்தார். ஏறத்தாழ 10,000 பிரித்தானியப் படையினர் பிடிபட்டார்கள்.

இந்த இடத்துக்கு நான் முன்வைக்கும் சொல் படைமீட்பு.

மீட்பு நமக்குப் புதிதல்ல. கவர்ந்து போன ஆநிரையை மீட்டுக்கொண்டுவருவது கரந்தைத் திணை. பகைவர் கைக்குள் போகவிருந்ததைத் திரும்பக் கொண்டுவருதல் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. மீட்பவர் ஒருவர், மீட்கப்படுபவர் ஒருவர் என்ற வேறுபாடும் தெளிவாக நிற்கிறது. 'டன்கர்க் படைமீட்பு' என்றால் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

> மீட்பு என்றால் வெற்றிபோல் ஒலிக்கிறதே? தோல்வியை மறைக்கும் சொல் ஆகாதா?

நியாயமான கேள்வி. ஆனால் மீட்பு என்று சொன்ன உடனே 'யாரை மீட்கவில்லை' என்ற கேள்வி தானாக எழுகிறது. வெளியேற்றத்திலும் பின்வாங்கலிலும் அது எழுவதில்லை. இதே ஜூன் மாதத்தில் 'சைக்கிள்' என்ற நடவடிக்கையில் லெ ஹாவ்ரிலிருந்து சுமார் 11,000 பிரித்தானியரை மீட்டார்கள். சென் வலேரிக்குச் சில கிலோமீட்டர் கிழக்கே உள்ள வேல் லே ரோஸ் கரையிலிருந்து 2,137 பிரித்தானியரும் 1,184 பிரெஞ்சுக்காரரும் ஏறினார்கள். துப்பாக்கி வார்களை ஒன்றோடொன்று முடிந்து கயிறாக்கிப் பாறையிலிருந்து இறங்கியவர்களும் அவர்களில் உண்டு. ஒரே டிவிஷனில் ஒருவன் மீண்டான், அடுத்தவன் மீளவில்லை. நடுவே இருந்தது சில மணி நேரமும் கொஞ்சம் பனியும்தான். அந்த வேறுபாட்டைக் காட்டும் சொல்தான் நமக்கு வேண்டும்.

மீளாதவர்களுக்கு 'கைவிடப்பட்ட படை' என்ற பரிந்துரையை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரான்சுடனான நட்பைக் காட்டுவதற்காகத் தங்கள் பிள்ளைகளைப் பலிகொடுத்துவிட்டார்கள் என்ற மனக்குறை ஸ்காட்லாந்தில் நீண்ட காலம் இருந்தது. அந்தக் குறைக்கு நான் மரியாதை தருகிறேன். ஹைலாண்ட் ஊர்களில் தெருவுக்குத் தெரு ஒரு வீட்டுப் பிள்ளையாவது சிறையில் இருந்தான். ஆயினும் போர்ட்ஸ்மவுத்திலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட கலங்கள் அவர்களுக்காகப் புறப்பட்டன என்பதும் உண்மை. கைவிடப்பட்ட என்பது தீர்ப்பு. கலைச்சொல் தீர்ப்பு எழுதக் கூடாது. 'விடுபட்டோர்' என்று எழுதினால் விடுதலை பெற்றவர் என்று படிப்பார்கள். 'எஞ்சியோர்' என்றால் உயிர் தப்பியவரா, கரையில் நின்றவரா என்பது தெரியாது. 'மீட்கப்படாதோர்' என்று நேராகவே எழுதுவோம்.

அடுத்து, பின்னால் நின்று பகைவரைத் தடுத்து, மற்றவர்களைப் போகவிடும் படைக்கு ஒரு பெயர். பட்டியலில் 'பின்புறக் காவலர்' என்று இருக்கிறது. கிடங்கு வாசலில் நிற்கும் காவலாளி நினைவுக்கு வருகிறார். தமிழில் போரைப் பாடும் புறத்திணையில் இதற்கென ஒரு துறையே இருக்கும்போது ஏன் இந்த வறுமை? உடைந்தோடும் படையின் பின்வரிசையில், அதாவது கூழையில், ஒருவன் நின்று தாங்குவதைத் தொல்காப்பியம் 'கூழை தாங்கிய' என்று சொல்கிறது. புறப்பொருள் வெண்பாமாலையில் அதற்குப் பெயர் எருமை மறம். இன்னொரு துறை, 'வருவிசைப் புனலைக் கற்சிறை போல ஒருவன் தாங்கிய பெருமை'. விசையோடு வரும் வெள்ளத்தைக் கல்லணை போலத் தாங்கியவன். இதைப் படித்துவிட்டு 'பின்புறக் காவலர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கூழைப்படை என்றே சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் இன்றைய வாசகருக்குக் கூழைக்கும்பிடுதான் காதில் விழும். கற்சிறையைச் சிறைச்சாலை என்று படித்துவிடுவார்கள். ஆகவே இரண்டு துறைகளுக்கும் பொதுவான வினையான 'தாங்கு' என்பதை மட்டும் எடுத்து, பின்தாங்குபடை என்கிறேன். கூழை என்பதை அடிக்குறிப்பில் தரலாம். டன்கர்க்கில் இறுதிவரை பின்தாங்கியவர்களில் பெரும்பகுதி பிரெஞ்சுக்காரர்கள், அவர்களில் பல்லாயிரவர் பிடிபட்டார்கள். அந்தப் பத்தியிலும் இச்சொல் அப்படியே பொருந்துகிறது.

போர்க்கைதி என்ற சொல் நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். பிடிபட்டவர்கள் வடக்கு நோக்கி நடத்திச் செல்லப்பட்டதற்கு மட்டும் 'அணிவகுப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றுங்கள். பிரான்சையும் பெல்ஜியத்தையும் பசியோடு கால்நடையாகக் கடந்து, பின் ரைன் ஆற்றுப் படகுகளில் அடைக்கப்பட்டு, போலந்தின் தோர்ன் வரை போனவர்களின் பயணம் அணிவகுப்பு ஆகாது. 'கைதிநடை' என்பது என் பரிந்துரை. 1945 குளிர்காலத்தில் முகாம்களிலிருந்து மேற்கே விரட்டப்பட்டதற்கும் இதுவே பயன்படும். ஃபார்ச்சூன் நோய்வாய்ப்பட்டபோது தாயகம் திரும்ப வாய்ப்பு வந்தும் தன் ஆட்களை விட்டுப் போக மறுத்தார். 1945இல்தான் விடுதலையானார்.

கடைசியாக ஒரு திருத்தம். புதிதாக அமைக்கப்பட்ட 51ஆவது ஹைலாண்ட் டிவிஷன் 1944 செப்டம்பரில் சென் வலேரிக்குள் நுழைந்ததை 'ஊரை மீட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே 'விடுவித்தது' என்று மாற்றிவிடுங்கள். அன்று ஊர் விடுதலையானது, ஆனால் 1940இல் அங்கே பிடிபட்டவர்கள் இன்னும் முகாம்களில்தான் இருந்தார்கள். மீட்டது என்றால் அவர்களையும் மீட்டதாக வாசகர் எண்ணிவிடுவார்.