சலவை இயந்திரத்தின் பின்புறத் திருகாணிகள்: கழற்றாணியா, வழியாணியா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வீடுகளுக்கான சலவை இயந்திரக் கையேட்டைத் தமிழில் எழுத நாம் தேடும் சொற்களில் பெரும்பாலானவை முடிவாகிவிட்டன. தண்ணீர் உள்ளே வருவது வரத்துக்குழாய், வெளியேறுவது வடிகுழாய். ஊருணிக்கு வரத்துக்கால் வெட்டிய ஊர்க்காரர்களுக்கு இவற்றை விளக்க வேண்டியதில்லை. துணியை வேகமாகச் சுழற்றிப் பிழியும் கட்டத்துக்குப் பிழிசுற்று. இதிலும் மறுப்பு வரவில்லை.

பெயர் முடிவாகாமல் நிற்பது ஒன்றுதான். முன்பக்கக் கதவுள்ள இயந்திரத்தின் முதுகில் மூன்றோ நான்கோ நீளமான திருகாணிகள் இருக்கும். உள்ளே நீர்த்தொட்டியும் சுழலும் உருளையும் வில்சுருளில் தொங்குகின்றன. லாரியில் வரும்போது அவை ஆடி மோதாமல் இறுக்கிப் பிடிப்பது இந்தத் திருகாணிகளின் வேலை. வீட்டுக்கு வந்ததும், முதல் துவைப்புக்கு முன்பே, இவற்றைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால் அதிர்வைத் தாங்க வேண்டிய வில்சுருள் கட்டுண்டு கிடக்கும். நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு மேல் ஓடும் பிழிசுற்றின் அதிர்வு முழுவதும் கூட்டுக்குள் இறங்கி இயந்திரத்தையே உலுக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்பான தரையில் அது நிற்காது, நகரும். உள்ளுறுப்புகளும் உடையும்.

> கழற்றாணி என்று வைக்கலாம். பெயரே கட்டளையாக இருக்கும்.

இதை முன்வைத்த தேவகோட்டை ஐயா, உங்கள் நோக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கையேட்டுச் சொல், படிப்பவரின் கையை வேலைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் இந்தச் சொல் கையைத் தடுத்துவிடும் என்று அஞ்சுகிறேன். கழற்று, ஆணி என்று பிரித்தால் வினைத்தொகை. ‘கழற்ற வேண்டிய ஆணி’ என்று நீங்கள் நினைத்த பொருள் வருகிறது. படிப்பவர் கண்ணில் முதலில் படுவதோ ‘கழற்றா’. அழியாப் புகழ், வாடா மலர் என்று பழகிய நமக்கு அது ‘கழற்றாத, கழற்றக்கூடாத’ என்று ஒலிக்கும். கழற்றாத ஆணி என்றால் புணர்ச்சியில் ‘கழற்றாவாணி’ என்றுதான் வரும் என நீங்கள் சொல்வீர்கள். இலக்கணப்படி சரி. ஆனால் மின்சாரம் புழங்கும் பொருளின் முன் கையேட்டுடன் நிற்பவர் இடையில் வரும் ‘வ்’ என்ற உடம்படுமெய்யைக் கவனிப்பார் என்று எதிர்பார்க்கலாமா? நேர்மாறான பொருளுக்கு இடம் தரும் சொல் இந்த இடத்தில் வேண்டாம்.

> கடையாணி இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

கடையாணி நல்ல சொல்தான். ஆனால் அது வண்டி ஓடும்போது இருந்தே ஆக வேண்டியது, கழன்றால் சக்கரம் போய்விடும். நம்முடையது இயந்திரம் ஓடும்போது இருக்கவே கூடாதது. பழைய சொல்லின் செல்வாக்கே இங்கே கெடுதல் செய்யும்.

என் முன்மொழிவு ‘வழியாணி’. வழித்துணை, வழிச்செலவு என்ற வரிசையில் இதுவும் பயணத்துக்கு மட்டும் உரியது. வீடு வந்து சேர்ந்தால் வேலை முடிந்தது என்பது பெயரிலேயே இருக்கிறது. இன்னொன்றையும் இந்தப் பெயர் சொல்கிறது: மறுபடி பயணம் போனால் இந்த ஆணியும் மறுபடி தேவைப்படும். சென்னையில் இருக்கும் பிள்ளைகள் பழைய இயந்திரத்தைக் காரைக்குடி வீட்டுக்கு அனுப்புவது இங்கே வழக்கம். 400 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வரும் இயந்திரத்துக்கு வழியாணியை மீண்டும் பூட்டாமல் அனுப்பினால் உருளை தளர்ந்துதான் இறங்கும். கழற்றியதைக் குப்பையில் போடாமல் எடுத்துவைக்க ‘கழற்றாணி’ என்ற பெயர் நினைவூட்டாது, ‘வழியாணி’ நினைவூட்டும்.

ஆணி என்றால் சுத்தியலால் அடிப்பது அல்லவா என்று கேட்கலாம். தோட்டுக்கும் மூக்குத்திக்கும் திருகாணி போடும் ஆச்சிமார் இருக்கும் ஊரில் அந்தக் குழப்பம் வராது. தேவையானால் முதல் இடத்தில் மட்டும் ‘வழியாணி என்னும் திருகாணி’ என்று எழுதலாம்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

கழற்றாணியை நான்தான் முன்வைத்தேன். ‘கழற்றா’ என்று படிக்க இடமிருப்பது உண்மை. வழியாணியை ஏற்கிறேன். ஒரே ஒரு கவலை: தண்ணீர் புழங்கும் கருவியில் ‘வழி’ என்றால் வழிந்தோடுவது என்று யாராவது எண்ணி, வடிகுழாய்ப் பக்கம் தேடலாம். ஆகவே சொல் வரும் பக்கத்திலேயே முதுகுப்புறப் படம் வேண்டும். கழற்றிய துளைகளை மூட உடன் வரும் பிளாஸ்டிக் மூடிகளையும் அந்தப் படத்திலேயே காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. ‘இயந்திரம் ஏன் நகர்கிறது?’ என்ற கேள்விக்கு வழியாணி மட்டும் விடையாகிவிடக் கூடாது. தரை மட்டமில்லாவிட்டாலும் நகரும்; கனமான ஜமுக்காளம் ஒன்றை மட்டும் போட்டுச் சுற்றினாலும் பாரம் ஒருபக்கம் சேர்ந்து நகரும். பழைய வீடுகளில் முற்றத்தை ஒட்டிய தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சற்றே சரிவாக இருக்கும். அங்கே வைப்பவர்கள் கொத்தனாரின் ரசமட்டத்தை இயந்திரத்தின் மேல் வைத்துப் பார்த்து, கால்களைத் திருகி உயரம் சரிசெய்ய வேண்டும். ‘ரசமட்டம்’ என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்வோம், அதற்குப் புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம்.

வாக்கியம் இப்படி இருக்கலாம்: “மின்இணைப்பு கொடுப்பதற்கு முன் வழியாணிகள் அனைத்தையும் கழற்றி, ஒரு பையில் இட்டு, கையேட்டுடன் வைத்திருங்கள்.”

தேவகோட்டையிலிருந்து